வாட்ச் செயினில் இரும்புத்தூள்

எட்வின்,

உனக்கு நான் எழுதும் இரண்டாவது கடிதம் இது. முதலாவது நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் சேர்ந்த வாரம் எழுதியது. போர்வையை வாரம் ஒரு முறை வெயிலில் போடு, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்கவில்லை. "நோட்டீஸ் போர்டுல ஒட்ட வேண்டியதை ஏன் போஸ்ட்ல அனுப்புற?" என்று அப்பா கேட்டார். இந்தக் கடிதம் ஒரு விதத்தில் நோட்டீஸ் போர்டுக்குத்தான். உறையை நான் ஒட்டவில்லை. அப்பா படித்துவிட்டார். நிர்மலா படிக்கலாம். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் எஸ்தர் ஆன்ட்டிக்கும் ஒரு நாள் படித்துக் காட்டப் போகிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் உன்னைப் பொய் சொல்கிறாய் என்று சொன்னபோது அவரும் நம் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். நாலு பேர் காதில் விழச் சொன்னதை மூடிய உறைக்குள் வைத்துத் திரும்ப எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

போன ஞாயிறு சர்ச் முடிந்ததும் நிர்மலா இங்கே வந்திருந்தாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். நான் சரி என்று சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன், அதனால் சொல்கிறேன். பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு அந்த வெயிலில் நின்றுகொண்டே பஸ்ஸில் வந்திருக்கிறாள். மோர் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். பிறகு, "ஒண்ணு கேக்கணும் ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "எங்க அப்பா மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுக்கணும்னு கடை கடையா ஏறி இறங்கிட்டிருக்கார். இவர் என்னடான்னா, மோதிரம் சரி, கோட்டு சரி, வாட்ச் மட்டும் வேண்டாங்கிறார். காரணம் கேட்டா சிரிக்கிறார். அப்பா அதை மனசுல போட்டுக்கிட்டு யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறார். நாங்க எடுத்தா மட்டமா இருக்கும்னு இவர் நினைக்கிறாரா?"

"அவன் அப்படி நினைக்கிறவன் இல்லம்மா."

"அப்போ என்ன ஆன்ட்டி? ஸ்டேஷன்ல நின்னா பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட மணி கேக்கிறார். பூக்காரம்மாகிட்ட கேக்கிறார். எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்கு வாட்ச் கட்டினால் கை அரிக்கும் என்று சொன்னேன். அதோடு விடவில்லை. ஸ்டீலில் நிக்கல் இருக்கிறது, சிலருடைய தோலுக்கு அது ஒத்துக்கொள்ளாது, வேர்வை பட்டால் தடித்துவிடும் என்று வகுப்பில் சொல்வதைப் போல விளக்கமும் கொடுத்தேன். அதில் ஒவ்வொரு வாக்கியமும் உண்மை, உனக்கு அரிப்பு என்ற ஒன்றைத் தவிர. அவள் நம்பிவிட்டாள். முகம் தெளிந்து, "இதுதானா ஆன்ட்டி, அப்பாகிட்ட லெதர் ஸ்ட்ராப் போட்டு எடுக்கச் சொல்றேன்" என்று மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். அவளை பஸ் ஏற்றிவிட்டு நடந்து வரும்போது ஒரு கணக்கு உறைத்தது. இந்த வீட்டில் வாட்ச் விஷயமாக நிரூபிக்கப்பட்ட பொய் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னது நான்.

அதனால்தான் பீரோவைத் திறந்தேன். வாட்ச் உன்னுடைய பழைய கைக்குட்டையில் சுற்றியபடியே இருந்தது. உனக்கு நினைவிருக்கும், அப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது, வெள்ளை முகப்பு, தினமும் சாவி கொடுக்க வேண்டும். நீ பத்தாம் வகுப்பு முடித்ததும் அவர் கழற்றி உன் கையில் கட்டினார். செயின் தொளதொளவென்று முழங்கை வரைக்கும் போனது. உடனே உட்கார்ந்து இரண்டு கண்ணியைத் தட்டி எடுத்துவிட்டுச் சரி செய்தார். இப்போது சாவி கொடுத்துப் பார்த்தேன். எட்டு வருஷம் சும்மா கிடந்த வாட்ச், ஒரு முறை தயங்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. செயின் மட்டும் மங்கி, கொக்கிப் பக்கம் பழுப்பாக இருந்தது. அதைக் கழுவி உன்னிடம் கொடுத்துவிடலாம், பேச்சு ஒன்றும் வேண்டாம் என்று நினைத்தேன். நான் அப்படித்தான் என்று உனக்குத் தெரியும். பேச வேண்டிய இடத்தில் எதையாவது கழுவுவேன்.

உனக்குச் செயின் கழுவத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். வாட்சைத் தண்ணீரில் விடக்கூடாது, செயினை மட்டும் கழற்ற வேண்டும். இரண்டு முனையிலும் உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னக் கம்பி இருக்கும், கோணி ஊசியால் அதை உள்பக்கம் தள்ளினால் வந்துவிடும். தள்ளும்போது மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள், இல்லாவிட்டால் அது எங்காவது பறந்துவிடும், தேடிக் கிடைக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ, பத்து நிமிஷம் ஊறல். புளி, எலுமிச்சை, உப்பு, சாம்பல் எதுவும் கிட்டே வரக்கூடாது. உப்பு பட்டால் ஸ்டீலில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். ஊறியபின் மெத்தென்ற பிரஷ்ஷால் கண்ணிகளின் இடுக்கில் தேய்க்க வேண்டும். டீ வடிகட்டியில் போட்டு அலசி, துணியில் ஒற்றி, நிழலில் காயவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் பாலிஷ். ஓரத்தில் பளபளவென்று இருக்கும் பகுதிக்கு மட்டும் துளி பாலிஷைப் பனியன் துணியில் தொட்டுத் தேய்க்கலாம். நடுவில் மெல்லிய கோடுகளோடு மங்கலாக இருக்கும் பகுதியைத் தொடக்கூடாது, தொட்டாலும் கோடு போகிற திசையில்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ குளித்துவிட்டு வருவதற்குள் நான் இதைச் செய்துகொண்டிருப்பேன். நீ ஈரத் தலையோடு வந்து துவைக்கும் கல்லுக்கு எதிரே குந்தி உட்காருவாய். கேள்வி மேல் கேள்வி. "ஸ்டீல் ஏம்மா துருப்பிடிக்கல?" அதில் குரோமியம் இருக்கிறது, காற்று பட்டதும் மேலே ஒரு மெல்லிய தோலைப் போட்டுக்கொள்கிறது என்றேன். "கீறிட்டா?" திரும்ப வளரும் என்றேன். "அப்போ அதுக்கு உயிர் இருக்கா?" என்று கேட்டாய். கல்லூரியில் முப்பது பெண்களுக்குப் பாடம் எடுத்துவிட்டு வருகிறேன், ஒருத்தியும் இப்படிக் கேட்டதில்லை. இன்னொரு ஞாயிறு, பாலிஷ் போட்டால் கீறல் எங்கே போகிறது என்று கேட்டாய். எங்கேயும் போவதில்லை, பெரிய கீறலைச் சின்னச் சின்னக் கீறலாக மாற்றுகிறோம், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதானால் அதற்குப் பளபளப்பு என்று பெயர் என்றேன். நீ செயினை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "அப்போ இது பூரா கீறல்தானா" என்று உனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாய். அந்தக் கேள்விகளுக்காகத்தான் வாராவாரம் கழுவினேன் போலிருக்கிறது. ஒரு செயினுக்கு அவ்வளவு அழுக்கு சேராது.

நீ ப்ளஸ் டூ படித்த வருஷம், ஆகஸ்டோ செப்டம்பரோ, கழுவின தண்ணீரில் ஒரு சாம்பல் நிறப் படிவு இறங்கியிருப்பதை முதல் முறையாகக் கவனித்தேன். தோல் அழுக்கு அப்படி இருக்காது, அது மிதக்கும். இது கனமாக அடியில் உட்கார்ந்தது. உடைந்த ரேடியோவிலிருந்து எடுத்த ஸ்பீக்கர் காந்தம் ஒன்று வீட்டில் இருந்தது. வாட்சைத் தூரமாக வைத்துவிட்டு, காந்தத்தைப் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிக் கிண்ணத்தில் விட்டேன். எடுத்தபோது அதன் மேல் மீசை மாதிரி கறுப்பாக முளைத்திருந்தது. இரும்பு. அடுத்த வாரமும் வந்தது. அதற்கடுத்த வாரமும்.

அந்த மீசையைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு சந்தோஷம். எதையோ கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். பயம் அதற்குப் பிறகு வந்தது. அப்பாவின் இடது ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. நீ பிறந்த வருஷம் ஃபேக்டரியில் மெஷின் எடுத்துக்கொண்டது. நீயோ பத்து முடித்ததும் ஐ.டி.ஐ.யில் சேர்கிறேன், லேத்து படிக்கிறேன் என்று நின்றாய். நான் விடவில்லை. ப்ளஸ் ஒன்னில் தள்ளினேன், அம்பத்தூரில் கணக்கு டியூஷனில் சேர்த்தேன். டியூஷன் ஏழு மணிக்கு முடிந்துவிடும். நீ வீட்டுக்கு வர எட்டரை ஆகும். டியூஷன் இருந்த தெரு நேராக இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போகும், வழி நெடுக இரும்பு கடையும் லேத்துப் பட்டறைகள். கூட்டிப் பார்க்க இதற்கு மேல் என்ன வேண்டும்? டியூஷனுக்கு மட்டம் போட்டுவிட்டு நீ பட்டறையில் போய் மெஷின் பழகுகிறாய் என்று முடிவு செய்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் காந்தத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "லேத்துல நிக்கிறவன் வாட்ச் கட்ட மாட்டான்" என்றார். "மெஷின்ல கை வெக்கிறதுக்கு முன்னாடி கழட்டச் சொல்வாங்க. முதல் நாள் முதல் பாடமே அதான். நானே சட்டைப் பாக்கெட்டுலதான் வெச்சிருப்பேன்."

"அவனுக்கு யார் பாடம் சொல்லிக் கொடுக்கிறா? பழகாதவன், அதான் கட்டிக்கிட்டே நிக்கிறான். இன்னும் ஆபத்து" என்றேன்.

"சரி மேடம்" என்றார். அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் கல்லூரியிலிருந்து திரும்பும்போது அம்பத்தூரில் இறங்கி, அந்தத் தெருவில் முதலில் இருந்த பட்டறைக்குப் போனேன். கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா வேணும்?" என்றார். ப்ளஸ் டூ படிக்கிற பையன், ஒல்லியாக, கண்ணாடி போட்டிருப்பான், சாயங்காலம் இங்கே வருகிறானா என்று கேட்டேன்.

"பசங்கோ வருவாங்க, நின்னு பார்த்துகினு இருப்பாங்க, போயிடுவாங்க. கண்ணாடி போட்டவன் எவன், போடாதவன் எவன், நான் இன்னா ரிஜிஸ்டரா வச்சிகீறேன்?"

"கையில வாட்ச் கட்டியிருப்பான். ஸ்டீல் செயின்."

அவர் சிரித்தார். உள்ளே மெஷினில் நின்றவரிடம், "இத்தக் கேட்டியா மாமே, வாட்ச் கட்டிகினு லேத்தாண்ட வர்றானாம்" என்றார். பிறகு என்னிடம், "கை மேல ஆசை இல்லாதவன்தாம்மா அப்படி வருவான். எங்க பட்டறைல வாசல்லயே கழட்டிடுவோம்" என்றார்.

"ஆனா வேடிக்கை பார்க்க வந்திருக்கலாம் இல்ல?"

"வந்திருப்பான், யார் கண்டா. ரோட்டுல போறவன் எல்லாந்தான் பார்க்கிறான். அதுக்கு டிக்கெட்டா போட்டுகீது?"

இரண்டு பேர், இருவரும் லேத்தில் வாழ்நாளைக் கழித்தவர்கள், ஒரே விஷயத்தை என்னிடம் சொன்னார்கள். லேத்துக்கும் வாட்சுக்கும் சேராது என்றார்கள். எனக்குக் காதில் விழுந்தது 'வந்திருப்பான்' என்ற ஒரு சொல்லும் 'கை மேல ஆசை இல்லாதவன்' என்ற பயமும்தான். யார் என்ன சொன்னாலும் ஆதாரம் கேட்கிறவள் என்று எனக்குக் கல்லூரியில் பெயர். என் சொந்த முடிவிடம் மட்டும் ஆதாரம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. டியூஷன் மாஸ்டரிடம் போய் நீ ஒழுங்காக வருகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. வெளியாள் முன்னால் வீட்டு விஷயம் வேண்டாம் என்று நினைத்தேன் என்பது நான் அப்போது எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். பட்டறைக்காரர் மட்டும் எனக்கு உறவா?

அடுத்த ஞாயிறு உன்னை நிறுத்திக் கேட்டேன். அதை நீ மறந்திருக்க மாட்டாய். எஸ்தர் ஆன்ட்டி பீரோ சாவியைத் தொலைத்துவிட்டு, மாற்றுச் சாவிக்காக அப்பாவிடம் வந்திருந்தார். குவார்ட்டர்ஸில் யார் வீட்டுச் சாவி தொலைந்தாலும் நம் பின்வாசலுக்குத்தானே வருவார்கள். அப்பா துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அரத்தால் சாவியை ராவிக்கொண்டிருந்தார். நான் கிண்ணத்தையும் காந்தத்தையும் உன் முன்னால் வைத்து, இது எப்படி வந்தது என்று கேட்டேன்.

"தெரியலம்மா."

"டியூஷன் முடிஞ்சு எங்க போற?"

"எங்கயும் போகல. வீட்டுக்குத்தான் வர்றேன்."

"ஏழு மணிக்கு முடிஞ்சா எட்டரைக்கா வீடு வரும்?"

நீ பதில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் போதுமானதாக இருந்தது. பட்டறையில் விசாரித்துவிட்டேன் என்றேன். உன் முகம் மாறியது. குற்றம் வெளிப்பட்ட முகம் என்று அப்போது படித்தேன். எட்டு வருஷம் கழித்து நினைத்துப் பார்க்கும்போது, அம்மா தன்னைப் பற்றி ஊரில் விசாரித்திருக்கிறாள் என்று தெரிந்த பையனின் முகம் அது. "வேற எப்படியாவது வந்திருக்கலாம் இல்லம்மா?" என்று கேட்டாய். "வேற வழியே இல்லை. இரும்பு பொய் சொல்லாது, நீதான் சொல்ற" என்றேன். எஸ்தர் ஆன்ட்டி, "விடுங்கக்கா, வயசுப் பையன்" என்றார். நான் வாட்சைக் கைக்குட்டையில் சுற்றினேன். உண்மையைச் சொல்லிவிட்டு எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள் என்றேன்.

நீ வாங்கிக்கொள்ளவே இல்லை. சொல்ல உன்னிடம் ஒன்றும் இல்லாதபோது எப்படி வாங்குவாய்? நல்ல மார்க் எடுத்தாய், கோயம்புத்தூர் போனாய், வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் எனக்குப் புடவை எடுத்து வந்தாய். யாரும் குறை சொல்ல முடியாத பிள்ளை. ஆனால் அந்த ஞாயிற்றுக்குப் பிறகு ஸ்டீலைப் பற்றியோ வேறு எதைப் பற்றியோ என்னிடம் நீ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வேண்டியதைச் சொல்வாய், கேட்டதற்குப் பதில் சொல்வாய். வளர்ந்துவிட்டான், ஆண்பிள்ளைகள் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் ஒரு முடிவுதான். அதற்கும் நான் ஆதாரம் கேட்கவில்லை.

இப்போது போன ஞாயிற்றுக்கு வருகிறேன். செயினைக் கழற்றி ஊற வைத்தேன். பத்து நிமிஷம் கழித்து எடுத்து நன்றாகக் குலுக்கி அலசினேன். கிண்ணத்தில் சோப்புக் கலங்கல், இரண்டு மூன்று பழுப்புத் துணுக்கு, அவ்வளவுதான். பழைய ஞாபகம், காந்தத்தை எடுத்து விட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. ஒட்டக் கூடாதுதானே, எட்டு வருஷம் கைக்குட்டைக்குள் கிடந்த செயின். தண்ணீரை மாற்றினேன். கல்லுக்குப் பக்கத்து மாடத்தில் இருக்கும் டப்பாவிலிருந்து பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தேன். கைப்பிடி பாதி உடைந்த பச்சை டூத் பிரஷ், உனக்குத் தெரியும். தேய்த்து முடித்துப் பார்த்தால் தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது. காந்தத்தை விட்டேன். மீசை முளைத்தது.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. யாரும் கட்டாத வாட்ச். எந்தப் பட்டறைக்கும் போகாத செயின். செயினே தேய்ந்து வருகிறதா என்று பார்த்தேன், இந்த ஸ்டீலைக் காந்தம் அப்படி இழுக்காது. மாடியில் யாராவது ஏதாவது ராவுகிறார்களா என்று அண்ணாந்து பார்த்தேன். அப்புறம்தான் என் கையில் இருந்ததைப் பார்த்தேன்.

முதல் வருஷப் பெண்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது 'ப்ளாங்க்'. சோதிக்க வேண்டிய பொருளைப் போடாமல், மற்றதெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு, வெறும் தண்ணீரில் அதே சோதனையை ஒரு முறை செய்து பார்ப்பது. பொருளே இல்லாமல் பதில் வந்தால், பதில் பொருளிலிருந்து வரவில்லை என்று அர்த்தம். "வெறும் தண்ணியை எதுக்கு மேம் டெஸ்ட் பண்ணணும்?" என்று வருஷத்துக்கு ஒருத்தியாவது அலுத்துக்கொள்வாள். ப்ளாங்க் போடாத நோட்டை வாங்கவே மாட்டேன், திருப்பி எறிந்துவிடுவேன். அன்றைக்குச் சுத்தமான கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் எடுத்து, செயின் இல்லாமல், பிரஷ்ஷை மட்டும் விட்டு விரலால் நெருடினேன். காந்தத்தை விட்டேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு நிமிஷத்தில் செய்திருக்க வேண்டிய வேலை. காந்தம் கறுத்துப்போய் வெளியே வந்தது.

அப்பாவைக் கூப்பிட்டேன். "இந்த பிரஷ் எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"அதுவா, சாவி ராவினா தூள் தட்டுறதுக்கு. ஏன்?"

"எவ்வளவு நாளா?"

"குவார்ட்டர்ஸ் வந்ததுலருந்து. உனக்குத் தெரியாதா என்ன? நீயும் அதைத்தானே எடுப்பே."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சுதான் எடுக்கிறேன்னு நினைச்சேன்" என்றார். கிண்ணத்தைப் பார்த்தார், காந்தத்தைப் பார்த்தார், பீரோவிலிருந்து வெளியே வந்திருந்த கைக்குட்டையைப் பார்த்தார். கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் அப்பவே சொன்னேனே என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் "வாட்ச் ஓடுதா?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் அந்தப் பழைய ஞாயிறு முழுசாக எனக்குத் தெரிந்தது. நான் உன்னைக் கேள்வி கேட்ட நேரமெல்லாம் அப்பாவின் அரம் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. இரும்புச் சாவி. ராவிவிட்டு ஊதுவார், டப்பாவிலிருந்து பிரஷ்ஷை எடுத்துத் தட்டுவார், திரும்ப ராவுவார். இரும்பு எங்கிருந்து வந்தது என்று நான் கத்திக்கொண்டிருக்க, மூன்றடி தள்ளி அது கல்லின் மேல் உதிர்ந்துகொண்டிருந்தது. நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சாவிக்கு எஸ்தர் ஆன்ட்டி நன்றி சொல்லிவிட்டுப் போனதுகூட நினைவிருக்கிறது.

ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பிரஷ்ஷில் இரும்பு இருந்தது என்பதால் நீ பட்டறைக்குப் போகவில்லை என்று ஆகிவிடாது. தர்க்கம் அவ்வளவு தாராளமானதல்ல. நீ போனாய் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் போய்விட்டது, அவ்வளவுதான். இனி மிச்சம் இருப்பது நீ சொன்ன வார்த்தை ஒன்று. "எங்கயும் போகல, வீட்டுக்குத்தான் வர்றேன்." அதை நம்புகிறேன். சோதித்துப் பார்க்காமல் நம்புகிறேன். இப்படி ஒரு காரியத்தை நான் செய்வது அநேகமாக முதல் முறை.

அந்த ஒன்றரை மணி நேரம் எங்கே போயிற்று என்று எனக்கு இன்றும் தெரியாது. கூட்டமான ரயிலை விட்டுவிட்டு உட்கார இடம் கிடைக்கும்வரை பிளாட்பாரத்தில் நின்றாயா, எஸ்டேட் பையன்களோடு டீ குடித்தாயா, சும்மா நடந்தாயா? அறிய ஆசையாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு இருந்த கேள்வி வேறு, இது வேறு. நீ செயினை வெயிலில் திருப்பிப் பார்த்தாயே, அந்த மாதிரி ஆசை. சொல்லத் தோன்றினால் என்றாவது சொல். சொல்லாவிட்டால் அந்த ஒன்றரை மணி நேரம் உன்னுடையது. கல்யாணத்துக்குப் பிறகு நிர்மலாவும் ஒரு நாள் இப்படி எங்கேயோ இருந்துவிட்டு வருவாள், நீயும் வருவாய். கிண்ணத்தில் எதையாவது பார்த்துவிட்டு ஆளைக் கணக்குப் போடாதே. ஆளிடமே கேள். கேட்டபின் பதிலுக்காகக் காத்திரு. நான் கேட்டேன், காத்திருக்கவில்லை.

நிர்மலாவின் அப்பா எடுத்துத் தரும் வாட்சை வாங்கிக்கொள். கல்யாணத்தன்று அதைத்தான் கட்ட வேண்டும். நான் செய்த தப்புக்கு அந்த மனிதர் தலைகுனிய வேண்டியதில்லை. நிர்மலாவிடம் உனக்கு அரிப்பு எதுவும் இல்லை, அது மாமியார் சொன்ன பொய் என்று நீயே சொல்லிவிடு. நான் இந்த வாரம் அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்வதாக இருக்கிறேன், அதற்குள் நீ முந்திக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் சுலபம்.

பழைய வாட்சை இந்த உறையோடு அப்பா உன்னிடம் கொடுப்பார். உன் உண்மைக்குப் பதிலாக நான் தருவது என்று நினைக்காதே, அது எப்போதும் உன்னுடையதாகவே இருந்தது. இப்போது உன் மணிக்கட்டு பெரிசு. எடுத்து வைத்திருந்த இரண்டு கண்ணியையும் அப்பா ஃபிலிம் டப்பாவிலிருந்து தேடி எடுத்து மாட்டிவிட்டார். அவை கையிலேயே கிடக்காததால் கீறல் குறைவு, மற்றதோடு சேர்த்துப் பார்த்தால் நிறம் வேறாகத் தெரியும். "பாலிஷ் போட்டு ஒண்ணாக்கிடு" என்றார் அப்பா. துணியைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். நீ பார்த்து என்ன வேண்டுமோ செய்துகொள். புது பிரஷ் ஒன்றும் வைத்திருக்கிறேன், தண்ணீரில் விட்டுச் சோதித்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது.

அன்றைக்கு நீ என்னிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டாய். வேறு எப்படியாவது வந்திருக்கலாம் இல்லையா என்று. நான் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. உன் கேள்விகளில் அது ஒன்றுக்குத்தான் தப்பான பதில் சொன்னேன். திருத்திக்கொள்கிறேன், எட்வின்.

வந்திருக்கலாம். அப்படித்தான் வந்தது.

அம்மா